மழையே இல்லாமல் எரியும் மோடம்

நேயர்களுக்கு வணக்கம். ஏப்ரல், மே மாதங்களிலும் மீண்டும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் பிற்பகல் வானம் கறுத்தவுடன், "மோடத்தைக் கழற்று" என்று வீட்டில் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். நல்ல பழக்கம். ஆனால் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிறவை எல்லாம் மின்னல் பட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துளி மழை இல்லாத நாளில், குளிரூட்டிய அலுவலகத்துக்குள் சத்தமில்லாமல் கருகியவையும் வருகின்றன. இன்று அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

இந்தக் காலத்தில் தொலைபேசி மோடமா என்று சிலர் சிரிக்கலாம். ஃபைபர் வந்துவிட்ட வீட்டில் அந்தக் கவலை இல்லைதான். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் நகைக்கடை அலாரப் பெட்டிக்குள் இருப்பது, தொலைபேசிக் கம்பி வழியாகத் தகவல் அனுப்பும் மோடம். கிளினிக்கின் ஃபேக்ஸுக்குள் இருப்பதும் மோடம். பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் கீழ்த்தளம் வரைதான் ஃபைபர் வருகிறது. அங்கிருந்து வீட்டுக்கு இணையம் செம்புக் கம்பியில்தான் ஏறுகிறது. செம்பு இருக்கும் வரை இந்தப் பேச்சுக்கும் வேலை இருக்கிறது.

முதலில், ஒழுங்கான தொலைபேசிக் கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். தொலைபேசி நிலையத்திலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. மணி அடிக்கும்போது அதன் மேல் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் ஏறுகிறது. நாம் ரிசீவரைத் தூக்குவதுபோல மோடம் இணைப்பை எடுத்ததும் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் பாய்கிறது. மோடத்தின் முனையில் மின்னழுத்தம் எட்டு, பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. 25 மில்லி ஆம்பியரை எட்டு வோல்ட்டால் பெருக்கினால் 0.2 வாட். இந்தச் சிறு சூட்டைத் தாங்கும்படிதான் மோடத்தின் வாசலில் அரிசி அளவு டிரான்சிஸ்டர் ஒன்றை வைக்கிறார்கள். மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் ஒருவர் தம் அலாரப் பெட்டியைக் கொண்டுவந்தார். மின்னல் அடித்துவிட்டது என்பது அவர் முடிவு. மூடியைத் திறந்தேன். வாசலிலிருந்த மின்னல் தடுப்புக் குழல் புதிதுபோல மின்னியது. ஃபியூஸில் மல்டிமீட்டரை வைத்தால் "பீப்" என்றது, அது அறுபடவில்லை. நான் சொன்ன அந்த டிரான்சிஸ்டரின் முதுகில் மட்டும் மயிரிழை வெடிப்பு, அடியில் பச்சைப் போர்டு காப்பி நிறமாக மாறியிருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மின்னல் பட்டிருந்தால் செம்புத் தடமே பிய்ந்து, புகைக் கறை தெறித்திருக்கும். இது மெதுவாக வெந்த வேலை. "அண்ணே, அண்மையில் தொலைபேசியை மாற்றினீர்களா?" என்று கேட்டேன். மாற்றியிருக்கிறார். கடைக்குள் பல தொலைபேசிகளை இணைக்கும் டிஜிட்டல் இணைப்பகம் ஒன்றைப் பொருத்தியவர்கள், அலாரப் பெட்டியின் கம்பியை அதன் கிளைச் சாக்கெட் ஒன்றில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இங்கேதான் வினை. சாக்கெட்டின் வடிவம் ஒன்றே. உள்ளே ஓடுவது வேறு. டிஜிட்டல் தொலைபேசியின் திரைக்கும் விளக்குகளுக்கும் வேண்டிய மின்சாரத்தை அதே கம்பி கொடுக்கிறது. எனவே பொதுத் தொலைபேசிக் கம்பிக்கு இருக்கும் கட்டுப்பாடு அதற்கு இருக்க வேண்டும் என்பதில்லை. மோடம் அப்பாவியாக இணைப்பை எடுக்கிறது. 150 மில்லி ஆம்பியர் பாய்ந்து, 15 வோல்ட் அதன் மேல் நின்றால் 2.25 வாட். அரிசி மணியால் அதைத் தாங்க முடியுமா?

ஃபியூஸ் ஏன் அறுபடவில்லை என்று கேட்பீர்கள். தொலைபேசிக் கருவிகளில் பெரும்பாலும் போடுவது 1.25 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் நிதானமாக அறுபடும் வகை. 150 மில்லி ஆம்பியரை அது திரும்பிக்கூடப் பார்க்காது. சிறிய ஃபியூஸ் போட்டால் என்ன? மின்னல் தூண்டல் வரும்போதெல்லாம் சில பத்து ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகப் பாய்ந்து மறையும். அதற்கெல்லாம் ஃபியூஸ் போனால் கோலாலம்பூரில் வாரம் ஒரு மோடம் மாற்ற வேண்டும்.

ஆகவே மிகை மின்னோட்டத்தை மோடமே அளந்து பார்த்து விலக வேண்டும். நல்ல மோடங்கள் அப்படித்தான் செய்கின்றன. இணைப்பை எடுத்தவுடன் தொடக்கக் குலுக்கல் அடங்கக் கண நேரம் பொறுக்கின்றன. பிறகு மின்னோட்டத்தை அளக்கின்றன. எல்லை தாண்டியிருந்தால் டிரான்சிஸ்டர் சூடேறுமுன் இணைப்பை விட்டுவிடுகின்றன. ஐரோப்பாவின் டிபிஆர் 21 விதி இன்னொரு வழியை எடுத்தது: கருவியே 60 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காதபடி தன்னைக் கட்டுப்படுத்த வேண்டும். சில கருவிகளில் சூடானால் தடை ஏறி, ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும் பாலிமர் தடுப்பானைப் போடுகிறார்கள். நம் ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது சீக்கிரமாகவே தடுக்கத் தொடங்கிவிடும் என்பது ஒரு தொல்லை. இருந்தாலும் எரிந்த போர்டைவிட அது மேல்.

மின்னல் தடுப்புக்கும் கணக்கு உண்டு. மாறுமின்சாரத்தில் 90 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரிதான், அந்த மணி மின்சாரத்தின் உச்சம் 127 வோல்ட். அதோடு 48 வோல்ட்டையும் கூட்டினால் 175. தடுப்பு இதற்குக் கீழேயே திறந்து மின்சாரத்தைக் கடத்தினால் ஒவ்வொரு மணிக்கும் கம்பி குறுக்கிணைந்துவிடும். அதனால்தான் தடுப்புக் குழல்களில் 230 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். குழலுக்குப் பதில் தைரிஸ்டர் என்ற குறைகடத்தித் தடுப்பை வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மின்னல் போன பிறகு அது மூடிக்கொள்ள, அதன் தாங்கு மின்னோட்டம் (அது திறந்தே நிற்கத் தேவையான குறைந்தபட்ச மின்னோட்டம்) தொலைபேசி நிலையம் தரக்கூடியதைவிட அதிகமாக, சாதாரணமாக 150 மில்லி ஆம்பியராவது, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடி ஓய்ந்த பிறகும் தொலைபேசி ஊமையாகவே கிடக்கும். மலிவான தடுப்புகளை வாங்கி இப்படி அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பகை, மரம் சாய்ந்து மின்கம்பி தொலைபேசிக் கம்பியைத் தொடுவது. அரிதுதான், ஆனால் வீட்டையே கொளுத்தக்கூடியது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கே.21 பரிந்துரையில், 230 வோல்ட்டை 15 நிமிடம் கம்பியில் கொடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. கருவி செத்தாலும் பரவாயில்லை, தீப்பிடிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை எதிர்பார்ப்பு. அந்த 1.25 ஆம்பியர் ஃபியூஸுக்கு உண்மையான வேலை வருவது இங்கேதான். பழுதுபார்க்கும் சிலர் அறுந்த ஃபியூஸுக்குக் குறுக்கே கம்பித் துண்டைப் பற்றவைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது குற்றம் என்றுதான் சொல்வேன்.

எர்த் கம்பி பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசித் தடுப்புக்கும் மின் இணைப்புக்கும் எர்த் ஒரே இடத்தில் சேர வேண்டும். தனித்தனியாக இருந்தால், மின்னல் நேரத்தில் இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். இரண்டையும் தொட்டுக்கொண்டிருப்பது மோடம் ஒன்றுதான். எர்த் இல்லாத பழைய சாக்கெட்டில் செருகிய தடுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்து என்ன பயன்?

செந்தூலிலோ கிள்ளானிலோ அலுவலகம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அலாரப் பெட்டியை இணைப்பகத்தின் கிளையில் செருகாதீர்கள். தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் கம்பி முதலில் அலாரத்துக்குள் போய், பிறகு இணைப்பகத்துக்குப் போகட்டும். அப்போதுதான் யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் அலாரம் கம்பியைப் பிடுங்கித் தகவல் அனுப்ப முடியும். ஃபேக்ஸுக்குச் சாதாரணத் தொலைபேசிக்கான அனலாக் கிளை ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மீதிச் சாக்கெட்டுகளில் "டிஜிட்டல், மோடம் செருகாதே" என்று எழுதி ஒட்டிவிடுங்கள், தமிழிலும் மலாயிலும். கம்பி செருக வருகிறவர் எந்த மொழிக்காரர் என்று முன்கூட்டியே தெரியாது.