ஷாக் மாத்தியாச்சு மக்களே! ஆனா லிஃப்ட் கிட் போடல, ஏன்?

வணக்கம் மக்களே! பின்னாடி நிக்குது பாருங்க நம்ம வி-கிராஸ், இசுஸு பிக்கப் வண்டி. நாலு ஷாக்கும், அதாவது குலுக்கல அடக்கற ஷாக் அப்சார்பர், மாத்தியாச்சு. வண்டிய உசத்தற லிஃப்ட் கிட் மட்டும் போடல. உயரம் அதேதான், ஒரு இன்ச் கூட ஏத்தல. ஆனா வண்டி மொத்தமா மாறிடுச்சு. இன்னிக்குக் காலைல தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் எறங்கி ஏறி வந்தேன். அந்த சந்தோஷம் இன்னும் அடங்கல, அதான் வந்ததும் கேமராவ ஆன் பண்ணிட்டேன்.

முதல்ல அந்த பில் கதைய சொல்லிடறேன், இல்லன்னா எனக்கு மனசு ஆறாது. நாலு ஷாக்குக்கு எஸ்டிமேட் கேட்டேன். எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், கமென்ட்ல கேக்காதீங்க. வரி இல்லாம 60,000. ஜிஎஸ்டி சேத்து 76,800னு அனுப்பிட்டாங்க. பாத்ததுமே கணக்கு இடிக்குது. 28 சதவீதம் போட்டிருக்காங்க! 2025 செப்டம்பர் 22லேர்ந்து வண்டி பார்ட்ஸ் எல்லாத்துக்கும் 18 தாங்க. ஃபோன் பண்ணா, "சிஸ்டம்ல அப்படித்தான் வருது சார்"ங்கறாங்க. சிஸ்டத்துல வந்தா நான் குடுத்துடணுமா? மறுபடி பேசினேன். மேனேஜர்கிட்ட குடுங்கன்னேன். அவரு லைன்ல வந்து, பழைய ஃபார்மட் சார், மாத்திடறோம்னாரு. மாத்தி வந்த பில் 70,800. முழுசா 6,000 ரூபா! அந்தக் காசுலயே பின்பக்க பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், வேலை மொத்தமும் முடிஞ்சிருச்சு. ரப்பர் புஷ், பட்டைய ஆக்சிலோட சேத்துக் கட்டற யூ போல்ட், கூலி எல்லாம் அதுக்குள்ள. நீங்களும் பில்ல வரி வரியா படிங்க மக்களே, தயவுசெஞ்சு.

சரி, ஏன் மாத்தினேன்? மாங்கா சீசன்ல காவேரிப்பட்டணம் தோட்டத்துலேர்ந்து கிரேட் ஏத்துன வீடியோ எல்லாம் பாத்திருப்பீங்க. லோடோட போனா வண்டி நல்லாத்தான் போகும். காலி வண்டியா ஓசூர் பக்கம் போறப்போதான் தொல்லை. பாலத்து ஜாயின்ட் ஒவ்வொண்ணுலயும் பின்பக்கம் துள்ளும், ஒருதடவ துள்ளினா அடங்கவே அடங்காது. ஸ்பிரிங்கோட வேலை வெயிட்ட தாங்கறது. அது மறுபடி மறுபடி ஆடாம நிறுத்தறது ஷாக்கோட வேலை. உள்ள இருக்கற ஆயில் சின்னச் சின்ன ஓட்டை வழியா நெருக்கிட்டுப் போறப்போ அந்த ஆட்டம் சூடா மாறிப் போயிடுது. ஷாக் போச்சுன்னா எவ்ளோ நல்ல ஸ்பிரிங் போட்டாலும் வேஸ்ட்.

பழைய ஷாக்க கழட்டினோம் பாருங்க, இது. மேல ஆயில் கசிஞ்சு, அது மேல செம்மண்ணு அப்பி, கேக்கு மாதிரி ஒட்டியிருக்கு. ராட அமுக்கறேன்... பாருங்க, எந்த எதிர்ப்பும் இல்லாம உள்ள போயிடுது. அமுக்கின எடத்துலயே நிக்குது, திரும்பி வரவே இல்ல. இப்ப புதுசு. கட்டியிருக்கற ஸ்ட்ராப்ப வெட்டறேன். கையெடுத்துட்டேன். மெதுவா... தானா வெளிய வருது பாத்தீங்களா? உள்ள இருக்கற நைட்ரஜன் பிரஷர் தள்ளுது. கரடுமுரடான ரோட்டுல ரொம்ப நேரம் ஓட்டினா ஆயில் நுரைச்சுடும், நுரைச்சா ஷாக் வேலை செய்யாது. அது நுரைக்காம இருக்கத்தான் இந்த கேஸ்.

ஒரே குழாய் இருக்கற மோனோட்யூப் ஷாக் ஏன் வாங்கலன்னு நெறைய பேரு கேப்பீங்க. மோனோட்யூப் சூட்ட சீக்கிரம் வெளிய விடும், ஹைவேல அருமையா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அதுல பிஸ்டன் ஓடறதே வெளிச் சுவருக்குள்ளதான். ஒரு கல்லு பட்டு நசுங்கினா பிஸ்டன் சிக்கிக்கும். நம்ம தோட்டத்துப் பாதைல கல்லுக்கா பஞ்சம்? ட்வின் ட்யூப்ல உள்ள இன்னொரு குழாய் இருக்கு, வெளிய அடிபட்டாலும் தாங்கும். அதனால ட்வின் ட்யூப், கேஸ் போட்டது. எனக்கு இதுதான் சரி.

இப்ப லிஃப்ட். ஒவ்வொரு வீடியோக்குக் கீழயும் "ப்ரோ ரெண்டு இன்ச் ஏத்துங்க, கெத்தா இருக்கும்". எனக்கு அந்தக் கெத்து வேணாங்க! இந்த வண்டில முன்னாடி டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம் பிடிச்சிருக்கும், கூட காயில் ஸ்பிரிங். பின்னாடி பட்டை. முன்னாடி ஏத்தினா ஆக்சில் ஷாஃப்ட்டோட முனைல இருக்கற சிவி ஜாயின்ட் கோணம் கூடும், அத மூடியிருக்கற ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். வீல் அலைன்மென்ட் கெடும், அத சரி பண்ண மேல்பக்க ஆர்ம் தனியா வாங்கணும். ஹெட்லைட் எதுக்க வர்றவன் கண்ணுல அடிக்கும். ஹைவேல வளைவுல வண்டி இன்னும் சாயும். அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு. கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் பாப்பான்.

பட்டறைலயும் இதே மாதிரி ஒரு வாக்குவாதம். கிருஷ்ணகிரில நம்ம வழக்கமா போற ஸ்பிரிங் பட்டறைதான், மேஸ்திரி லாரி பட்டை பாத்துப் பாத்துக் கைதேர்ந்தவரு. "தம்பி, இன்னொரு பட்டை சேத்துடலாம், லோடுக்கு கெட்டியா நிக்கும்"னாரு. வேணாண்ணேன்னுட்டேன். லோடு வருஷத்துல கொஞ்ச நாள்தான். மிச்ச நாள் எல்லாம் காலி வண்டி. பட்டை சேத்தா காலி வண்டி இன்னும் துள்ளும். இருக்கற பட்டைல ஒண்ணு விரிசல் விட்டிருந்துச்சு, அத மட்டும் மாத்தினோம்.

ஆங், யூ போல்ட்! அத சொல்லணும். பழசையே மாட்டலாம்னு ஒரு பையன் எடுத்துட்டான். விடவே இல்ல நான். யூ போல்ட் ஒருதடவ முறுக்கினா இழுபட்டுடும். மறுபடி போட்டா பிடிமானம் இருக்காது, ஆக்சில் நகர ஆரம்பிச்சுடும். புதுசா நாலு வாங்கிட்டு வரச் சொன்னேன். கடைக்கும் பட்டறைக்கும் நடந்ததுலயே அரைமணி நேரம் போச்சு, போகட்டும்.

இன்னொண்ணு, புஷ் போல்ட்ட வண்டி ஜாக்கில தொங்கறப்போ முழுசா டைட் பண்ணவே கூடாது. கீழ எறக்கி, நாலு சக்கரமும் தரைல நின்னு, வெயிட்ட வாங்கினதுக்கு அப்புறம்தான் கடைசி முறுக்கு. இல்லன்னா ரப்பர் எப்பவும் முறுக்கின நிலைலயே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும். மேஸ்திரி இத நான் சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சாரு. அதுக்குத்தாங்க அவர்கிட்ட போறது.

ஓட்டம் எப்படி? தொப்பூர் எறக்கத்துல, முன்னாடி லாரி திடீர்னு ஸ்லோ பண்ணுச்சு, பிரேக் போட்டேன். முன்னெல்லாம் வண்டி மூக்கக் குத்தும், தெரியும்ல? இப்ப லேசா எறங்கி அப்படியே நின்னுக்குது. பாலத்து ஜாயின்ட்ல ஒரு "தட்", அவ்ளோதான், ரெண்டாவது ஆட்டமே இல்ல. எங்கப்பா பின் சீட்ல இருந்தாரு, ஒண்ணும் சொல்லல. அவரு ஒண்ணும் சொல்லலன்னா அதுதான் சர்டிஃபிகேட்.

மண்ணு ரோட்டுக்கு தென்பெண்ணைக் கரையோரம் நம்ம தோட்டத்துப் பாதை. சின்ன கல்லுல கொஞ்சம் இறுக்கமாத்தான் தெரியுது, உள்ளத சொல்றேன். குழில எறங்குறப்போ மட்டும் பழைய மாதிரி அடியில இடிக்கல. டயர் காத்த 35 பிஎஸ்ஐலேர்ந்து 24க்கு எறக்கினதும் அந்த இறுக்கமும் போயிடுச்சு. ஹைவே ஏறுறதுக்கு முன்னாடி மறக்காம ஏத்திடணும்.

அஞ்செட்டி காட்டுக்குள்ள ஆஃப்-ரோடு போங்கன்னு கேக்கறவங்களுக்கு, போக மாட்டேன். அது 2014லேர்ந்து காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், யானை நடமாடற எடம். தார் ரோட்டுல நாட்றாம்பாளையம் வழியா ஒகேனக்கல் போய் வர்றது வேற. காட்டுக்குள்ள சக்கரத்த விடறது எனக்கு சுத்தமா பிடிக்காது.

ஐயோ, அலைன்மென்ட் விட்டுட்டேன். முன் ஷாக் கழட்டி மாட்டினதால நேத்தே பண்ணிட்டேன், ரிப்போர்ட் ஷீட் ஸ்கிரீன்ல போடறேன், பாஸ் பண்ணிப் பாத்துக்கோங்க. யூ போல்ட்ட 1,000 கிலோமீட்டர்ல மறுபடி டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்க அளந்து காட்டற ஸ்பேனர், வெச்சு முறுக்கணும், பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு படிஞ்சதும் கொஞ்சம் லூசாகும். அத வீடியோ எடுத்துப் போடறேன். வரேன் மக்களே!