குழந்தை வண்டியில் வண்ணங்கள்

நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை, 1950-களில் இருந்தபடி, மனதில் கொண்டுவாருங்கள். டவுன்ஹெட் பகுதி. கரி படிந்த அடுக்குக் குடியிருப்புகள், தெரு நிறையப் பிள்ளைகள். அங்கே ஓர் இளம்பெண் பழைய குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். உள்ளே குழந்தை இல்லை. ஓவியத் தாங்கியும் வண்ணங்களும்தான். அவர் பெயர் ஜோன் ஏர்ட்லி.

பிறந்தது 1921-இல், இங்கிலாந்தின் சசெக்ஸில். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். தாய்வழி உறவுகள் இருந்த கிளாஸ்கோ பக்கம் குடும்பம் வந்து சேர்ந்தது. 1940-இல் அங்கே கலைப் பள்ளியில் சேர்ந்தார். போர்க்காலத்தில் படகு கட்டும் இடத்தில் தச்சு வேலையும் பழகினார். அப்புறம் உதவித்தொகையில் இத்தாலி போய்வந்தார்.

திரும்பி வந்தவர் டவுன்ஹெட்டில் இடம் பிடித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வருவதும் போவதுமாக இருப்பார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் வரைந்தார். தங்கையைச் சுமக்கும் அக்கா, காமிக்ஸ் படிக்கும் பையன், அளவு பொருந்தாத சட்டை. பின்னால் சுவரில் சாக்பீஸ் கிறுக்கல். மிட்டாய்த் தாளையும் செய்தித்தாளையும் கிழித்து ஓவியத்திலேயே ஒட்டினார். "ஐயோ பாவம்" என்று இரங்க வைக்கும் படங்கள் இல்லை இவை. அந்தப் பிள்ளைகள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள், சிலர் சண்டைக்கே தயாராக. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

சரி, அவர் ஓவியங்களின் இன்னொரு பாதி கடல். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கேட்டர்லைன் என்று ஒரு சின்ன மீனவ ஊர். செங்குத்தான கரைமேட்டில் ஒரே வரிசை வீடுகள். அவர் முதலில் தங்கிய வீட்டில் மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. புயல் என்று கேள்விப்பட்டால் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பி வந்துவிடுவார். மற்றவர்கள் கதவைச் சாத்தும் நேரத்தில் இவர் கரையில் நின்றார், ஓவியத் தாங்கி பறந்துவிடாமல் கயிறு கட்டி. பெரிய பலகைகளில் படகுக்கு அடிக்கும் பெயின்ட்டையும் சேர்த்து வரைந்தார். இடத்தை அடிக்கடி மாற்றவும் மாட்டார். ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்ப அதே வயலை, அதே அலையை.

1963-இல் ஸ்காட்லாந்தின் அரச கலைக் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது. மார்பகப் புற்றுநோய் அதற்குள் முற்றியிருந்தது. அந்த ஆகஸ்ட்டில் இறந்தார், 42 வயதில். சாம்பலைக் கேட்டர்லைன் கரையிலேயே தூவினார்கள்.

1960-இல் அவர் வரைந்த ஒரு வயல்வெளி ஓவியம் எடின்பரோவில், ஸ்காட்லாந்தின் தேசியக் கலைத் தொகுப்பில் இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள்: வண்ணத்துக்குள் நிஜப் புல், நிஜ விதைக் கதிர்கள், அவர் அழுத்திய இடத்திலேயே ஒட்டியிருக்கின்றன.