பனி பிசைந்த மண்: மொரைன் குன்றுகளில் நீர் ஏன் தேங்குவதில்லை?

[காட்சி: ஐப்பசி மழைக்கு மறுநாள் காலை. பண்ருட்டி அருகே ஒரு முந்திரித் தோப்பு. பிறகு பாகூர் வயல்வெளி.]

வணக்கம். இரவு முழுவதும் அடைமழை பெய்து விடிந்த காலையில், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்குள் காலில் சேறு அப்பாமல் நடந்துவிடலாம். அதே வேளையில் பாகூரில் வரப்பின் மேல் நின்று பார்த்தால், வயல் முழுவதும் நீர் தளும்பிக் கிடக்கும். பெய்தது ஒரே மழை. வேறுபட்டது மண் மட்டுமே. ஆனால் இந்த இரண்டில் எது ‘நல்ல வடிகால் உள்ள மண்’ என்று கேட்டால், முந்திரித் தோப்பைக் காட்டிவிட்டு நாம் அமைதியாகிவிடுகிறோம். அந்த விடை பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, ஒரு காலத்தில் பனிப்படலத்தின் அடியில் கிடந்த நாடுகளின் மண்ணைப் பார்த்து வருவது பயன்படும் என்பதால், இந்தக் காணொளியில் மொரைன் எனப்படும் பனியாற்றுப் படிவுகளின் மேல் உருவான இருமண்பாட்டு மண்ணை, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண்ணை, எடுத்துக்கொள்கிறோம்.

[காட்சி: தென்பெண்ணை ஆற்றின் மணல் படுகை.]

முதலில் நம் ஆற்றிலிருந்து தொடங்குவோம். தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளம் கொண்டுவரும்போது, நீரின் வேகம் எங்கே அதிகமோ அங்கே பருமணலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இழுத்துச் செல்கின்றன. வேகம் தணியும் கரையோரத்தில் வண்டல் இறங்குகிறது. நீர் அசையாமல் நிற்கும் தாழ்வான இடத்தில்தான் கடைசியாகக் களி படிகிறது. அதாவது, ஆறு ஒரு சல்லடை. மணலைத் தனியாகவும் களியைத் தனியாகவும் அது பிரித்துவைக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையும் காற்றும் சேர்ந்து செய்வதும் இதே வேலைதான்.

பனி அப்படிப்பட்டதன்று. பனியாறு என்பது தன் எடையாலேயே மெல்ல மெல்ல நகரும் பனிக்கட்டியின் பெருக்கு. அது கீழே உள்ள பாறையைப் பெயர்த்து, தேய்த்து, மாவாக அரைத்துக்கொண்டே செல்கிறது. யானை அளவு பாறையையும் முகப்பூச்சு மாவு போன்ற தூளையும் ஒரே சுமையாகத் தூக்கிச் செல்கிறது. பனி உருகும்போது அந்தச் சுமை தரம் பிரிக்கப்படாமல் அப்படியே இறங்குகிறது. இந்தக் கலவைக்கு ‘டில்’ என்று பெயர். டில் குவிந்து உருவாகும் மேடுகளும் பரப்புகளுமே மொரைன்கள். பனியின் முனையில் குவிந்தது முனை மொரைன், பக்கவாட்டில் ஒதுங்கியது பக்க மொரைன், அடியில் பரவிக் கிடப்பது தரை மொரைன். வட அமெரிக்காவின் பெரும்பகுதியையும் வட ஐரோப்பாவையும் கடைசிப் பனிக்காலத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடிமனுள்ள பனிப்படலம் மூடியிருந்தது. அதன் உச்சநிலை ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன். நியூயார்க் நகரை அடுத்துள்ள லாங் ஐலண்ட் தீவின் முதுகெலும்பே அந்தப் பனி விட்டுச்சென்ற இரண்டு முனை மொரைன்கள்தான்.

[காட்சி: கண்ணாடிக் குவளையில் மணல், வண்டல், களி மூன்றும் அடுக்கடுக்காகப் படியும் காட்சி.]

இந்தக் கலப்பே மொரைன் மண்ணின் முதல் இயல்பைத் தீர்மானிக்கிறது. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை உள்ள துகள் மணல்; அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல். அதனினும் நுண்ணியது களி. இவை ஏறக்குறைய 40 விழுக்காடு மணல், 40 விழுக்காடு வண்டல், 20 விழுக்காடு களி என்ற அளவில் சேர்ந்திருந்தால் அதை இருமண்பாடு என்கிறோம். மணலும் களியும் தத்தம் குணத்தைக் கைவிடாமல் ஓரிடத்தில் கூடியிருப்பதைக் குறிக்கும் இந்தச் சொல் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பனி அரைத்த பாறை இந்த அளவுகளுக்கு நெருங்கி வந்துவிட்ட இடங்களில், யாரும் கலக்காமலேயே இருமண்பாடு அமைந்துவிட்டது. எல்லா மொரைன்களும் அப்படி அல்ல. களிப்பாறையை அரைத்த பனி களியான டில்லையும், மணற்கல்லை அரைத்த பனி மணலான டில்லையும் விட்டுச்சென்றது.

இனி வடிகாலுக்கு வருவோம். மண்ணில் நீர் நிற்பதும் வடிவதும் துகளுக்கு இடையே உள்ள துளைகளின் வேலை. பெரிய துளைகளில் உள்ள நீரைப் புவியீர்ப்பு ஓரிரு நாளில் கீழே இழுத்துவிடுகிறது. அந்த இடத்தில் காற்று நுழைகிறது, வேர் மூச்சுவிடுகிறது. நுண்துளைகளில் உள்ள நீரைப் புவியீர்ப்பால் இழுக்க முடியாது. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு, பயிர் உறிஞ்சும் வரை காத்திருக்கிறது. நன்கு வடியும் இருமண்பாட்டில் இந்த இரண்டு வகைத் துளைகளும் இருக்கின்றன. மேல் மண்ணில் மக்கிய இலையும் மண்புழுவும் சேர்ந்து துகள்களைப் பொலபொலவென்ற குருணைகளாகக் கட்டிவைப்பதால், குருணைக்கு வெளியே நீர் வடிகிறது, குருணைக்கு உள்ளே நீர் தங்குகிறது.

முந்திரித் தோப்பைக் காட்டிய விடை பாதிதான் சரி என்று சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது. மண்ணியலார் வடிகாலைத் தரம் பிரிக்கும்போது ‘நன்கு வடியும் மண்’ என்பது ஒரு தரம். ‘மிகையாக வடியும் மண்’ என்பது வேறொரு தரம். மேல் மண் மணலாகவே உள்ள மேட்டுநிலத்தில் நீர் வடிகிறது, ஆனால் பயிருக்கென்று போதுமான அளவு தங்குவதில்லை. மழை நின்ற பத்தாம் நாள் செடியில் வாட்டம் தெரிகிறதா என்று பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும். வேகமாக வடிவது வேறு, நன்றாக வடிவது வேறு.

[காட்சி: தோண்டிய குழியின் சுவர். மேலே கரும்பழுப்பு, இடையே செம்பழுப்பு, கீழே சாம்பல் நிறம்.]

ஒரு மண் நன்கு வடியும் மண்ணா என்பதை மழைநாளில் சென்று பார்க்கத் தேவையில்லை. கோடையிலும் குழியின் சுவர் சொல்லிவிடும். காற்றோட்டம் உள்ள மண்ணில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். நீர் நெடுநாள் நின்ற மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பு கரைந்து வெளியேறி, சாம்பல் நிறமும் ஆங்காங்கே துருப்புள்ளிகளும் எஞ்சும். நன்கு வடியும் மொரைன் மண்ணில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வரை இந்தச் சாம்பல் நிறம் தென்படுவதில்லை. நடவு வயலின் அடிமண்ணை வெட்டிப் பார்த்த நம் விவசாயிகளுக்கு அந்தச் சாம்பல் நிறம் புதிதன்று.

அதே குழியில் இன்னொன்றையும் காணலாம். மழைநீர் மேலடுக்கிலிருந்து களியை மெல்லக் கழுவி இறக்கி, இடை அடுக்கில் மண் கட்டிகளின் மேல் மெழுகு பூசியதுபோலப் படியவைக்கிறது. அந்த அடுக்குத்தான் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும் களஞ்சியம். நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் ஏரிப் பகுதியில் உள்ள ஹனியோய் என்னும் மண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுண்ணாம்புக்கல் கலந்த டில்லின் மேல், தரை மொரைன் சமவெளிகளிலும் டிரம்லின் எனப்படும் நீள்குன்றுகளிலும் அது உருவாகியிருக்கிறது. மேலடுக்குகளில் சுண்ணாம்பு கரைந்து இறங்கிவிட்டது; ஆழத்தில் உள்ள மண்ணில் நீர்த்த அமிலத்தைச் சொட்டினால் இன்றும் நுரைக்கிறது. மக்காச்சோளம், கோதுமை, ஆப்பிள், திராட்சை எல்லாம் அதில் விளைகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். டில்லில் கல் மிகுதி. குளிர்காலத்தில் மண்ணீர் உறைந்து விரியும்போது கற்கள் மேலே தள்ளப்படுவதால், ஆண்டுதோறும் உழவர் கல் பொறுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் காணப்படும் நீண்ட கல்வேலிகள் அப்படிப் பொறுக்கிய கற்களே. பனியின் எடையால் அழுந்திய அடி டில், பல இடங்களில் இறுகிய தளமாக நின்று வேரையும் நீரையும் தடுக்கிறது. மேலும், ஒரே மொரைனில் மேட்டின் தோளில் நன்கு வடியும் மண்ணும், சில பத்து மீட்டர் கீழே உள்ள பள்ளத்தில் சதுப்பும் அருகருகே கிடக்கும். ஒரே டில்தான், நிற்கும் இடம்தான் வேறு.

[காட்சி: பொம்மையார்பாளையம் அருகே மழைநீர் அரித்த செம்மண் ஓடைகள்.]

இதை நம் செம்மண்ணோடு ஒப்பிட்டால் வயது முன்னே வந்து நிற்கிறது. மொரைன் மண்ணுக்கு ஏறத்தாழ பத்து, இருபதாயிரம் ஆண்டுகளே ஆவதால், சத்தை வெளியிடும் கனிமங்கள் அதில் இன்னும் கரைந்து தீரவில்லை. நம் கேப்பர் மலையிலும் திருவக்கரையிலும் வெளிப்படும் கடலூர் மணற்கல்லோ, பல இலட்சம் ஆண்டுகளைக் கடந்த ஆற்றுப் படிவு. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களின் வயதே ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். வெப்பமும் மழையும் அதன் சத்தைக் கழுவிக் கரைத்து, மணலையும் இரும்பையும், சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்த களியையும் மட்டும் விட்டுவைத்திருக்கின்றன. அதனால்தான் அந்த மண்ணில் எருவும் தழையும் இடுவது இவ்வளவு பயன்தருகிறது. மரம் இழந்து வெறுமையான இடத்தில், மேற்பரப்பு மழைத்துளி பட்டு இறுகிவிடுகிறது; நீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடி, நிலத்தைப் பிளந்து ஓடைகளாக்கிவிடுகிறது.

நம் நாட்டிலும் பனி இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ஒடிசாவின் தால்சேர் பகுதியில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டில் பாறையாக இறுகிக் கிடக்கிறது. 1856-இல் அதை ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவரான நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட், பின்னர் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் பாறைகளையும் நடந்து நடந்து ஆராய்ந்தார். பனி சுமந்த கற்களைப் பார்த்த அதே கண்கள் நம் மண்ணையும் பார்த்திருக்கின்றன என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

[காட்சி: தோட்டத்தில் ஒரு குழி, ஓர் அளவுகோல்.]

உங்கள் நிலத்தைச் சோதிக்க விரும்பினால், ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி எடுத்து நீர் நிரப்புங்கள். அது முழுவதும் வடிந்தபின், மறுபடியும் நிரப்பி, நீர்மட்டம் மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளவுகோலால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை நிரப்பியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். காய்ந்த மண் எப்போதும் வேகமாகக் குடிக்கும். பிறகு அந்தக் குழியை மூடாமல் ஒரு வாரம் விட்டு, அடியில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். ஈரப்பதம் இருந்து, உருண்டையாகப் பிடிபட்டு, விரலால் தட்டியதும் உதிர்ந்தால், அது இருமண்பாட்டுக்கு நெருங்கிய மண்.