அகிரிப்பாவின் குடைக்காசு

நேயர்களுக்கு வணக்கம். பழங்காசு என்றதும் பலருக்குப் பொன்னும் வெள்ளியும்தான் நினைவுக்கு வரும். என் மனம் வெண்கலக் காசின் பக்கமே சாயும். சந்தையில் சாமானியர் கையில் புழங்கியது அதுதான். அரசன் தன் குடிகளிடம் என்ன சொல்ல விரும்பினான் என்பதை அதில்தான் பார்க்கலாம்.

இன்று அப்படி ஒரு காசு. ரோமின் தயவில் யூதர்களின் நாடான யூதேயாவை ஆண்ட முதலாம் அகிரிப்பா எருசலேமில் அடித்தது. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். எடை இரண்டு கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் குஞ்சம் தொங்கும் குடை, சுற்றிலும் கிரேக்க எழுத்தில் அரசன் பெயர். மறுபக்கம் மூன்று தானியக் கதிர்கள், கூடவே ஆறாம் ஆட்சியாண்டின் குறி. அதாவது கி.பி. 41–42. குடை அரசின் சின்னம் என்பதை, வெண்கொற்றக்குடையைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரசனின் முகம் மட்டும் காசில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

யார் இந்த அகிரிப்பா? யூதேயாவை முன்பு ஆண்ட பெரிய ஏரோதின் பேரன். தந்தையைக் கொன்றது அந்தத் தாத்தாவேதான். பிள்ளை ரோமில் வளர்ந்தார், கடனில் மூழ்கினார். கலிகுலா விரைவில் பேரரசனாக வேண்டும் என்று ஒருநாள் வாய்விட்டார். அவருடைய தேரோட்டி அதை அப்போதைய பேரரசர் திபேரியஸிடம் சொல்லிவிட்டான். விலங்கு மாட்டிச் சிறையில் அடைத்தார்கள். ஆறு மாதம் கழிந்தது. ‘சிங்கம் செத்துவிட்டது’ என்று எபிரேய மொழியில் காதோடு சொன்னான் அவருடைய ஆள் ஒருவன். காவல் அதிகாரி செய்தியறிந்து விலங்கைக் கழற்றி விருந்தே வைத்தான். நடுவில், திபேரியஸ் உயிரோடுதான் இருக்கிறார் என்றொரு வதந்தி! அதிகாரி அலறிப்போய், கைதியை இருக்கையிலிருந்து தள்ளி மறுபடியும் விலங்கு மாட்டினான். மறுநாள் மரணச் செய்தி உறுதியானது. கலிகுலா அவரை விடுவித்து முடிசூட்டினார். இரும்புச் சங்கிலியின் எடைக்கு எடை பொன் சங்கிலியும் கொடுத்தார். அகிரிப்பா பின்னாளில் அதை எருசலேம் ஆலயத்தில் தொங்கவிட்டார் என்கிறார் வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி இது.

முதலில் கிடைத்தது வடகிழக்குப் பகுதி, பிறகு கலிலேயா, 41இல் அடுத்த பேரரசர் கிளாடியஸ் கையால் யூதேயாவும் சமாரியாவும். ஆனாலும் அவர் பெயரில் வெள்ளிக்காசு கிடையாது, வெண்கலம் மட்டும்தான். கொடுத்ததும் ரோம், எல்லை வகுத்ததும் ரோம்.

இப்போது முகத்துக்கு வருவோம். உருவங்களை விலக்கிய யூத மக்களின் மனம் நோகாதபடி, எருசலேமில் குடையும் கதிரும். வேற்று மக்கள் மிகுந்த ஊர்களில் அதே அரசனின் காசுகளில் அவர் முகம் இருக்கிறது, பேரரசரின் முகமும் இருக்கிறது. ஒரே அரசன், ஊருக்கு ஊர் வேறு காசு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வெண்கலக் காசைப் பாருங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. கிளாடியஸுக்கு அகிரிப்பாவும் அவர் சகோதரரும் மாலை சூட்டும் காசைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பெயரை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கி.பி. 44இல் செசரியாவில் அகிரிப்பா இறந்தார். யூதேயா மீண்டும் ரோம அதிகாரிகளிடமே போனது. வணக்கம்.