படிப்பவர் கையில் கடிவாளம்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரு கருப்புத் திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யூஸ்நெட் என்ற பழைய விவாதக் களத்தைப் படிக்க உதவும் நிரல்கள் ஓடுகிற திரை அது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது. வெறும் எழுத்து மட்டும்தான் வரும். அதனால் காதால் கேட்டே புரிந்துகொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

காலையில் காப்பி ஆறுவதற்குள் நான் செய்யும் முதல் வேலை இது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்ற அந்தத் திரையைத் திறந்து எஸ், எல், ஆர், என் என்று நாலு எழுத்தை அடித்து என்டர் தட்டுவேன். நான் சேர்ந்திருக்கும் விவாதக் குழுக்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் இடப்பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்தக் குழுவில் நான் இன்னும் படிக்காத பதிவுகள் எத்தனை என்பதைச் சொல்லும் எண் அது. ஒரு குழுவுக்குள் போனால் தலைப்புகள் தெரியும். யாருக்கு யார் பதில் சொன்னார்கள் என்பதை மரத்தின் கிளைகள் போலக் கோடு போட்டுக் காட்டும். அப்புறம் ஸ்பேஸ் பட்டையைத் தட்டிக்கொண்டே போனால் போதும். பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம், பதிவு முடிந்தால் அடுத்த பதிவு. எல்லாம் படித்து முடித்த குழு, அடுத்த முறை திறக்கும்போது பட்டியலில் தெரிவதே இல்லை. ஒரு கட்டத்தில் பட்டியல் காலியாகிவிடும். படித்து முடித்தாயிற்று, எழுந்து போகலாம்.

இந்தப் பேச்சு நடக்கிற இடம்தான் யூஸ்நெட். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்தது. பக்கத்தில் இருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஷெல் கட்டளைகளைக் கோத்து எழுதிய சின்ன நிரல் அது. 1980இல் வெளியுலகுக்கு வந்தது. ஒரு கணினி தொலைபேசியில் இன்னொரு கணினியைக் கூப்பிடும். என்னிடம் இவை இருக்கின்றன, உன்னிடம் இல்லாததை எடுத்துக்கொள் என்று கொடுக்கும். அந்தக் கணினி அடுத்ததைக் கூப்பிடும். ஊருக்குள் சேதி பரவுகிற மாதிரிதான். நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வைத்திருக்கும் தலைமைக் கணினி என்று ஒன்று இல்லவே இல்லை.

இங்கே நடந்த பேச்சுகள் சின்னவை அல்ல. 1991 ஆகஸ்ட் 6 அன்று டிம் பெர்னர்ஸ்-லீ தன்னுடைய வைய விரிவு வலைத் திட்டத்தை இந்தக் குழுக்களில் ஒன்றில்தான் விளக்கி எழுதினார். அதே மாதம் 25ஆம் தேதி, பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான குழுவில் ஒரு பதிவு போட்டார். இலவசமாக ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன், பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக ஒன்றும் வராது என்கிற தோரணையில். அதுதான் லினக்ஸ். அந்தப் பதிவைப் படித்தவர்கள் அன்று கருப்புத் திரையில், இப்போது நான் சொன்னது மாதிரியான ஒரு நிரலில்தான் படித்திருப்பார்கள்.

அந்த நிரல்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பேச்சு நடக்கும் இடம் வேறு, அதைப் படிக்க உதவும் கருவி வேறு. யூஸ்நெட்டில் இந்த இரண்டும் முதலிலிருந்தே தனித்தனி. ஒரே பதிவை ஆளுக்கொரு நிரலில் படிக்கலாம். 1984இல் லாரி வால் ஆர்என் என்ற நிரலை வெளியிட்டார். பிற்பாடு பெர்ல் என்ற நிரல்மொழியை உருவாக்கினாரே, அதே லாரி வால்தான். படிப்பவர் அடுத்து என்ன செய்ய விரும்புவார் என்று யோசித்து, அந்த வேலையை ஸ்பேஸ் பட்டையில் வைத்தார். ஒரு விரலால் உலகத்தைப் படிக்கலாம். அதிலிருந்து கிளைத்தது டிஆர்என். பதில்களைக் கோத்து இழையாகக் காட்டியது. அப்புறம் டின் வந்தது. 1990களின் நடுவில் ஜான் டேவிஸ் எழுதிய எஸ்எல்ஆர்என் வந்தது. நான் இன்றைக்கும் பயன்படுத்துவது அதைத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சங்கதி உண்டு. நீங்கள் எதைப் படித்தீர்கள் என்ற கணக்கு உங்கள் கணினியிலேயே, ஒரு சாதாரண உரைக்கோப்பில் இருக்கும். குழுவின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பக்கத்தில் 1 முதல் 340 வரை, அப்புறம் 345 என்று எண்கள். அவ்வளவுதான். அதாவது 341லிருந்து 344 வரை இன்னும் படிக்கவில்லை. மளிகைக் கடை நோட்டு மாதிரி யாரும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம். நான் எதில் எவ்வளவு நேரம் நின்றேன், எதைப் பார்த்துக் கோபப்பட்டேன் என்று வேறு யாரும் குறித்துவைப்பதில்லை. படிக்கிறவரின் கணக்கு படிக்கிறவரிடமே இருக்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முப்பது வருடமாக இந்த நிரல்களை விடாமல் வைத்திருப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், வேண்டாததை ஒதுக்கும் வழி. ஆர்என் காலத்தில் அதைக் கில் ஃபைல் என்றார்கள். இந்தத் தலைப்பு வேண்டாம், இன்னார் எழுதுவது வேண்டாம் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அவை கண்ணில் படாது. எஸ்எல்ஆர்என் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பெண் போடச் சொல்கிறது. நல்ல விளக்கம் எழுதுகிற ஒருவருக்கு நூறு மதிப்பெண் கொடுத்தால் அவர் பதிவுகளை முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். கழித்தல் 9999 என்று போட்டால் அந்தப் பதிவு மறைந்துவிடும். பெரிய கே எழுத்தை அழுத்தினால், எதை வைத்து மதிப்பெண் போட வேண்டும், தலைப்பா, எழுதியவர் பெயரா என்று கேட்கும்.

அதோடு இன்னொரு கேள்வியும் கேட்கும்: இந்த விதி எந்தத் தேதி வரை செல்லும்? இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் எழுதியது இன்று எரிச்சலாக இருக்கிறது. சரி, இரண்டு வாரத்துக்கு அவரை மறைத்துவைக்கிறேன். தேதி முடிந்ததும் அவர் மறுபடி திரையில் வருவார். அப்படித் திரும்பி வந்தவர்களில் இரண்டு மூன்று பேரிடமிருந்து நான் நிறையக் கற்றிருக்கிறேன். சி மொழியில் நினைவக ஒதுக்கீடு பற்றி எனக்கிருந்த தவறான எண்ணத்தைத் திருத்தியவர் அப்படி மறைத்துவைத்திருந்த ஒருவர்தான்.

எழுதுவதற்கு வருவோம். பதிலெழுத எஃப் என்ற எழுத்தை அழுத்துகிறோம். உடனே உங்களுக்குப் பழகிய உரைத்தொகுப்பான் திறக்கும். விஐ என்றால் விஐ, நானோ என்றால் நானோ. எதற்குப் பதில் சொல்கிறீர்களோ அந்தப் பதிவின் ஒவ்வொரு வரிக்கு முன்பும் ஒரு அம்புக்குறி போட்டு உள்ளே வைத்திருக்கும். தேவையான நாலு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டி, அதற்குக் கீழே உங்கள் பதிலை எழுத வேண்டும். வரிக்கு 72 எழுத்துக்குள் நிறுத்துவது வழக்கம். அந்தக் காலத் திரையின் அகலம் 80 எழுத்து. பதிலுக்குப் பதில் என்று அம்புக்குறிகள் கூடக் கூட இடம் வேண்டுமல்லவா, அதற்காக விட்ட இடம். எழுதி மூடியதும் அனுப்பட்டுமா, வேண்டாமா, மறுபடி திருத்தப் போகிறாயா என்று நிரல் கேட்கும்.

டிஆர்என் காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையாக இருந்தது. நான் 1990களில் கல்லூரியின் யுனிக்ஸ் கணினியில் முதல் பதிவை எழுதப் போனபோது திரையில் வந்த எச்சரிக்கை இன்னும் மறக்கவில்லை. இந்தச் செய்தி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகும், இதைக் கொண்டுசேர்க்க நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும், நிச்சயமாகத்தான் அனுப்புகிறாயா என்று கேட்டது. நான் வேண்டாம் என்று அழுத்தினேன். எழுத நினைத்ததை மறுபடி யோசித்தேன். என் கேள்விக்கான விடை கையேட்டிலேயே இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. அன்று நான் அனுப்பவில்லை. இரண்டு வாரம் கழித்து, கையேட்டில் இல்லாத ஒரு கேள்வியோடு போனேன். மறுநாள் காலை நான்கு நாட்டிலிருந்து பதில் வந்திருந்தது.

தவறும் செய்திருக்கிறேன். எஃப் அழுத்தினால் பதில் குழுவுக்குப் போகும், ஆர் அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் தனி மடலாகப் போகும். ஒரு நண்பரின் குடும்பத் துயரத்தைப் பற்றி எழுதிய ஆறுதல் வரிகளை, ஆர் என்று நினைத்து எஃப் அழுத்திக் குழுவுக்கே அனுப்பிவிட்டேன். ரத்துச் செய்யும் செய்தியைப் பின்னால் அனுப்ப வழி உண்டு. ஆனால் முதல் செய்தி போன வேகத்தில்தான் இதுவும் போகும், அதற்குள் பலர் படித்துவிட்டார்கள். நண்பர் பெருந்தன்மையாக மன்னித்தார். அன்றிலிருந்து, அனுப்பும் முன் மேலே இருக்கும் முகவரி வரியை வாய்விட்டுப் படிக்கிறேன்.

இந்த நிரல்களுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் மாணவர்களுக்காக ஒரு விஷயம். பதிவுகளை வைத்திருந்து கொடுக்கும் கணினிகளான யூஸ்நெட் வழங்கிகளோடு பேசும் மொழி 1986இல் வகுக்கப்பட்ட என்என்டிபி. கடவுச்சொல் கேட்காத ஒரு வழங்கி கிடைத்தால், செய்தி படிக்கும் நிரலே இல்லாமல், டெல்நெட் என்ற எளிய இணைப்புக் கருவி மூலம் 119ஆம் துறையில், அதாவது போர்ட்டில், இணைந்து கையாலேயே பேசிப் பார்க்கலாம். வழங்கி முதலில் 200 என்று வரவேற்றால் உள்ளே எழுதலாம் என்று பொருள். 201 என்றால் படிக்க மட்டும்தான் அனுமதி. குரூப் என்று அடித்துக் குழுவின் பெயரைக் கொடுத்தால், 211 என்று தொடங்கி எத்தனை பதிவு, முதல் எண் என்ன, கடைசி எண் என்ன என்று சொல்லும். போஸ்ட் என்று அடித்தால் 340, சரி அனுப்பு என்று காத்திருக்கும். எழுதி முடித்துக் கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வைத்தால் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, 240 என்று ஒப்புக்கொள்ளும். நம் எழுத்திலேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் என்ன ஆகும்? நிரல் அந்த இடத்தில் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்பும், மறுமுனை அதை எடுத்துவிடும். என் வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். மந்திரம் ஒன்றும் இல்லை, இரண்டு பேர் முறையாகப் பேசிக்கொள்வதுதான் என்று அவர்களுக்குப் புரியும் நேரம் அது.

தமிழுக்கும் இங்கே ஓர் இடம் இருந்தது. சாக் டாட் கல்ச்சர் டாட் தமிழ் என்று ஒரு குழு. வெளிநாட்டில் படிக்கப் போனவர்களும் வேலைக்குப் போனவர்களும் அங்கே கூடினார்கள். தமிழ் எழுத்து வழியில் சிதையாமல் போய்ச்சேரும் என்று நம்ப முடியாத காலம் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினார்கள். ழகரத்துக்கு இசட், ணகரத்துக்குப் பெரிய என் எழுத்து என்று தங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். அதில் சங்கப் பாட்டுக்கு உரை சொல்வார்கள், சமையல் குறிப்பு கேட்பார்கள், அரசியல் சண்டையும் நடக்கும். மாதக்கணக்கில் தமிழ் காதில் விழாத ஊரில் இருந்தவர்களுக்கு அந்தத் திரை எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!

இன்று எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் கொடுக்கும் யூனிகோடு இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். தமிழ் என்ற சொல் மட்டும் 15 பைட். அனுப்புவதில் சிக்கல் இல்லை, போன இடத்தில் சிதையாமல் இருக்கும். காட்டுவதில்தான் சங்கடம். டெர்மினல் திரை ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் பல டெர்மினல்கள் வேலை செய்கின்றன. நம் கொம்பும் காலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். நாற்பது வருடமாக மெருகேறிய கருவி ஒன்றில் நம் மொழி இன்னும் கோணலாகத் தெரிவது எனக்கு வருத்தம்தான். நிரல் எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் கைவைக்க வேண்டிய வேலை இது.

ஆனால் ஒரு வாசகருக்கு இந்தக் கோணல் தடையே இல்லை. என்னிடம் படித்த மாணவர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. திரைவாசிப்பான் உதவியோடு இதே நிரலைப் பயன்படுத்துகிறார். விளம்பரம் குறுக்கே வராது, பொத்தானைத் தேடி அலைய வேண்டாம், ஸ்பேஸ் அழுத்தினால் அடுத்த பதிவு. அம்புக்குறி எத்தனை என்று கேட்டு யார் யாருக்குச் சொன்னது என்று புரிந்துகொள்கிறார். என்னைவிட வேகமாகப் படித்து முடிக்கிறார்.

யூஸ்நெட் பழைய கூட்டத்தோடு இல்லை. 2010இல் டியூக் பல்கலைக்கழகமே தன் வழங்கியை நிறுத்திவிட்டது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் வழியாக அங்கே எழுத முடியாது. ஆனாலும் சி மொழி, வானியல், பழைய கணினிகள் என்று சில குழுக்களில் பொறுமையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டர்னல் செப்டம்பர் என்ற வழங்கியில் இலவசமாகப் பதிவுசெய்து எழுத்துக் குழுக்களைப் படிக்கலாம். அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் சேர்ந்த புது மாணவர்கள் வந்து குவிவார்கள், ஒரு மாதத்தில் மரியாதை பழகிவிடுவார்கள். 1993க்குப் பிறகு வணிக இணையச் சேவைகளின் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்ததால், அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்றார்கள்.

உங்கள் லினக்ஸ் கணினியில் எஸ்எல்ஆர்என் நிறுவ ஒரே ஒரு கட்டளை போதும். வழங்கியின் பெயரை ஒரு வரியில் கொடுங்கள், ஒரே ஒரு குழுவில் சேருங்கள். முதல் ஒரு மாதம் எதுவும் எழுத வேண்டாம். ஸ்பேஸ் பட்டை மட்டும். அங்கே யார் பொறுமையாக விளக்குகிறார்கள், எந்தக் கேள்விக்கு அடிக்கடி விடை சொல்லி அலுத்துப்போயிருக்கிறார்கள் என்று தெரியவரும். அப்புறம் ஒருநாள் எஃப் அழுத்துங்கள். அனுப்பட்டுமா என்று அது கேட்கும்போது, ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்று சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.