ஒரு பெண்ணின் வியர்வையும் ஓர் உயிர்வேதியியலாளரின் அளவுகோலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்வீடன் நாட்டில், 1950-களின் பிற்பகுதி. ஒரு பெண் மருத்துவரிடம் வருகிறார். 35 வயது. அவர் வாழ்வது குளிர் தேசம். ஆனால் அவருக்கு எந்நேரமும் வியர்த்துக் கொட்டுகிறது. தண்ணீர் குடித்து மாளவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், உடம்பு மட்டும் தேறுவதாக இல்லை. சிறுவயதிலிருந்தே இப்படித்தான். இந்த அறிகுறிகளைக் கேட்டதும் எந்த மருத்துவருக்கும் தைராய்டு நினைவுக்கு வரும். வந்தது. அந்தச் சுரப்பியில் அறுவை சிகிச்சைகூடச் செய்து பார்த்துவிட்டார்கள். பலனில்லை. ஓய்வில் இருக்கும்போதே அவர் உடல் ஆக்சிஜனைச் செலவழித்த வேகம், இயல்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அவரைக் கவனித்தவர் ரால்ஃப் லுஃப்ட் என்ற நாளமில்லாச் சுரப்பி நிபுணர். தைராய்டு இல்லையென்றால் வேறு எந்தச் சுரப்பி என்று தேடிக்கொண்டே போயிருக்கலாம். அவர் கேட்டது வேறு கேள்வி. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைச் செல்லுக்குள் யார் செலவழிக்கிறார்கள்? மைட்டோகாண்ட்ரியா. பள்ளிப் புத்தகங்களில் இழைமணி என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் கோளாறு அங்கேயே இருக்கக்கூடாதா?

இன்றைக்கு இது சாதாரணக் கேள்வி. அன்றைக்கு அப்படியில்லை. செல்லுக்குள் இருக்கும் ஓர் உறுப்பு பழுதானதால் ஒரு மனிதருக்கு நோய் வந்தது என்று அதுவரை யாரும் நிரூபித்துக் காட்டியதில்லை.

லுஃப்ட் கதவைத் தட்டியது ஓர் உயிர்வேதியியலாளரிடம். பெயர் லார்ஸ் எர்ன்ஸ்டர். 1920-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஸ்வீடன் வந்து சேர்ந்தவர். ஸ்டாக்ஹோமில் மைட்டோகாண்ட்ரியாவையே தன் வேலையாக வைத்துக்கொண்டார். 1998-இல் இறக்கும்வரை அந்தத் துறையை விடவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக அந்தப் பெண்ணிலிருந்து நேராகக் கண்டுபிடிப்புக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு நடுவில் இருப்பதுதான் முக்கியமாகப் படுகிறது. 1959-இல், இந்த நோயாளியைப் பற்றிய கட்டுரை வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, எர்ன்ஸ்டரும் லுஃப்டும் டெனிஸ் இக்கோஸ் என்பவரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். மனிதத் தசையிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து அதன் வேலையை எப்படி அளப்பது என்பதுதான் விஷயம். அதுவரை பெரும்பாலும் எலியின் ஈரல் போன்றவற்றில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஈரல் மென்மையானது, தாராளமாகக் கிடைக்கும். மனிதத் தசை அப்படியா? நார்நாராக இருக்கும், அரைப்பது கடினம். உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து எடுப்பதால் கிடைப்பதோ சின்னத் துண்டு. ஆரோக்கியமான தசை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் நோயாளியின் தசையை அளந்து என்ன பயன்?

நான் ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்த காலத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தசைத் துண்டைப் பனிக்கட்டியில் வைத்து நறுக்கி, குளிர்ந்த கரைசலில் அரைப்போம். முதலில் மெதுவாகச் சுழற்றினால் உடையாத செல்களும் உட்கருவும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீரை எடுத்து வேகமாகச் சுழற்றினால், குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு தெரியும். அதுதான் மைட்டோகாண்ட்ரியா. குளிர் கொஞ்சம் குறைந்தாலும், கை கொஞ்சம் தாமதித்தாலும் கெட்டுப்போகும். அதில் ஒரு துளியை ஆக்சிஜனை அளக்கும் மின்முனை பொருத்திய சிறு கலத்தில் விட்டு, உணவாக ஏதாவது ஒன்றைச் சேர்ப்போம். ஓடும் காகிதத்தில் பேனா கோடு போடும். கோடு மெதுவாகச் சரியும். இப்போது அடினோசின் டைபாஸ்பேட்டைச் சேர்த்தால் கோடு சட்டென்று செங்குத்தாக இறங்கும். டைபாஸ்பேட்டை, செல்லின் ஆற்றல் நாணயமான ட்ரைபாஸ்பேட்டாக (ஏடிபி) மாற்ற மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனை வேகவேகமாக எடுக்கிறது என்று அர்த்தம். சேர்த்தது தீர்ந்ததும் சரிவு மறுபடியும் மெதுவாகிவிடும். வேலை இருந்தால் மூச்சு, வேலை இல்லையென்றால் அடக்கம். இதைத்தான் சுவாசக் கட்டுப்பாடு என்கிறோம். அந்த வளைவு கூர்மையாகத் திரும்பினால் அன்றைய தயாரிப்பு நன்றாக வந்திருக்கிறது என்று நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம்.

லுஃப்டின் நோயாளியிடம் அந்தத் திருப்பம் இல்லை. டைபாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய மைட்டோகாண்ட்ரியா முழு வேகத்தில் ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தது. வண்டி நின்றிருக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து வைத்த மாதிரி. அந்த வீணான எரிப்பெல்லாம் வெப்பமாக வெளியேறியது. வியர்வைக்கும் தாகத்துக்கும் மெலிவுக்கும் காரணம் அதுதான். ட்ரைபாஸ்பேட் தயாரிப்பு ஏறக்குறைய ஒழுங்காகவே நடந்தது என்பதையும் கவனியுங்கள். உற்பத்தி நிற்கவில்லை, கட்டுப்பாடுதான் போயிருந்தது.

அதே குழுவில் இருந்த பியோர்ன் அஃப்செலியஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் தசையைப் பார்த்தார். மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கையிலும் அதிகம், அளவிலும் பெரிது, உள்மடிப்புகளும் நெருக்கமாக இருந்தன. (இதே அஃப்செலியஸ்தான் 1976-இல், செல்களின் மேலிருக்கும் நுண்மயிர்களான குற்றிழைகள் அசையாததால் வரும் நோயையும் இனம்கண்டவர். சிலருக்குக் கண் அப்படி.) எல்லாம் சேர்ந்து 1962-இல் கட்டுரையாக வந்தது. மைட்டோகாண்ட்ரியா நோய் என்ற பிரிவு மருத்துவத்தில் தொடங்கியது அங்கேதான்.

வேதிப்பொருளால் இதே நிலையை வரவழைக்க முடியும் என்பது முன்பே தெரிந்ததுதான். டைநைட்ரோஃபீனால் என்ற பொருளை 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்கும் மாத்திரையாகவே விற்றார்கள். எடை குறைந்தது உண்மை. கூடவே கண்புரையும், அடங்காத காய்ச்சலில் மரணங்களும் வந்தன. 1948-இல் லூமிஸ், லிப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அது என்ன செய்கிறது என்று காட்டினார்கள்: ஆக்சிஜன் எரிவதையும் ட்ரைபாஸ்பேட் உண்டாவதையும் இணைக்கும் பிணைப்பை அது அறுத்துவிடுகிறது. அந்தப் பிணைப்பு எதனால் ஆனது? அதுதான் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது.

1961-இல் பீட்டர் மிட்செல் என்ற பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ஒரு விடை சொன்னார். ஆக்சிஜன் எரியும்போது புரோட்டான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை உள்ளே திரும்பும் விசையில்தான் ட்ரைபாஸ்பேட் உண்டாகிறது என்றார். டைநைட்ரோஃபீனால் அந்தப் புரோட்டான்களைக் குறுக்கு வழியில் உள்ளே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. கேட்க எளிது. ஆனால் துறையே இரண்டுபட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது 1977-இல் வந்த ஒரு மீள்பார்வைக் கட்டுரை. பாயர், சான்ஸ், எர்ன்ஸ்டர், மிட்செல், ராக்கர், ஸ்லேட்டர் என்று ஆறு பெரியவர்கள். ஒரே தலைப்பு, ஆனால் ஆளுக்கொரு பகுதி, அவரவர் கருத்து அவரவருக்கு. சண்டை போட்டுக்கொண்டே ஒரே மேசையில் உட்காருவது என்றால் இதுதான். அடுத்த ஆண்டே மிட்செலுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஸ்டாக்ஹோம் மேடையில் அவரை அறிமுகப்படுத்திப் பேசியவர் எர்ன்ஸ்டர்.

அப்புறம் அந்த நோய் என்ன ஆயிற்று? லுஃப்ட் நோய் என்று பெயர் பெற்றது. 1970-களில் ஜோர்டானைச் சேர்ந்த இன்னொரு பெண்ணிடம் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தி பாக்டீரியாவை ஒத்தது என்பதால், அதைத் தடுக்கும் குளோராம்ஃபெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை அவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிது காலம் பலன் தெரிந்தது. முதல் மைட்டோகாண்ட்ரியா நோயே உலகின் மிக அபூர்வமான நோய்களில் ஒன்றாகிப்போனது விந்தைதான்.

மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பரவலாகக் காணப்படுபவை வேறு வாசல் வழியாக வந்தன. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு என்று 1963-இல் மார்கிட் நாஸும் சில்வன் நாஸும் காட்டினார்கள். மனிதரில் அதன் முழு வரிசையை 1981-இல் கேம்பிரிட்ஜ் குழு படித்து முடித்தது: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். பின்னாளில் சரிபார்த்தபோது 3107-ஆம் இடத்தில் ஓர் எழுத்து தவறுதலாகக் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதை நீக்கினால் பின்னால் வரும் எல்லா எண்களும் மாறிவிடும் என்பதால், இன்றும் அந்த இடத்தைக் காலியாக விட்டு எண்ணுகிறோம். 1988-இல்தான் நோயும் இந்த டிஎன்ஏவும் நேரடியாகச் சந்தித்தன. தசைநோய் உள்ளவர்களிடம் அதன் துண்டுகள் விடுபட்டிருப்பதை லண்டன் குழு கண்டது. இளம் வயதில் பார்வையைப் பறிக்கும் லெபர் நோய்க்கு 11778-ஆம் எழுத்தின் மாற்றம் காரணம் என்று அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸ் குழு காட்டியது. இந்த டிஎன்ஏ தாய்வழியாக மட்டுமே வருவது. ஆனால் பல நோய்களில் ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் படுக்கையிலும் இன்னொருவர் விளையாட்டுத் திடலிலும் இருப்பதுண்டு. ஒரு செல்லில் நல்ல டிஎன்ஏவும் பழுதானதும் கலந்திருக்கும். பெரும்பாலும் பழுதின் பங்கு 60 முதல் 90 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அந்தத் திசு தள்ளாடத் தொடங்கும். மூளை, கண், இதயம், தசை ஆகியவை ஆற்றலுக்குப் பசித்தவை. அதனால் முதலில் அடிபடுவதும் அவையே.

இப்போது சந்தேகம் வந்தால் முதலில் மரபணுவைப் படிக்கிறார்கள். மலிவு, வேகம், தசையை வெட்ட வேண்டாம், எல்லாம் சரி. ஆனால் அறிக்கையில் இதுவரை யாரிடமும் பார்க்காத ஒரு மாற்றம் வந்து நிற்கும். அது நோய்க்குக் காரணமா, வெறும் குடும்ப அடையாளமா என்று எழுத்துகளைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அப்போது நோயாளியின் தோலிலிருந்து செல்களை வளர்த்து, சிறு குழிகள் கொண்ட தட்டில் இட்டு, அவை ஆக்சிஜனை எவ்வளவு வேகத்தில் எடுக்கின்றன, தடுப்பான்களைச் சேர்த்தால் எப்படி மாறுகின்றன என்று கருவியை வைத்து அளக்கிறார்கள். பேனா இல்லை, காகிதம் இல்லை, கோடு திரையில் வருகிறது. ஆக்சிஜன் எந்த வேகத்தில் போகிறது என்று எர்ன்ஸ்டர் கேட்ட கேள்வியைத்தான் அங்கேயும் கேட்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.