புரோட்டோன் வீரா காரின் முன்பக்கச் சத்தம்: ஆளைப் பிடித்தாயிற்று!

வணக்கம் மக்களே. கொஞ்ச நேரம் நான் பேசப்போவதில்லை, காதைக் கொடுத்துக் கேளுங்கள். சுங்கை சிப்புட்டில் லிந்தாங் போகும் சடக்கு, செம்பனை லோரிகள் ஓடி ஓடி உடைத்துப் போட்ட இடம், உங்களுக்குத் தெரியும்.

கேட்டதா? ஒன்றுமே இல்லை! டயர் சத்தம், ஏர்கோன் சத்தம், அவ்வளவுதான். டொக்கு டொக்கு என்று உயிரை வாங்கியது போயே போய்விட்டது. அம்மாவுக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம். இடப்பக்கம் உட்காருகிறவர் அவர்தானே, சத்தமும் இடப்பக்கம்தான். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் "காலுக்குக் கீழே யாரோ பாத்திரம் உருட்டுற மாதிரி இருக்குய்யா" என்பார்.

நம்ம காடி பழசு, 1996 வீரா, 1.5 லிட்டர் கார். வீரா 1993இல் வந்தது, மிட்சுபிஷி லான்சரின் உடம்பு, 2009 வரைக்கும் செய்தார்கள். அதனால் சாமானுக்குப் பஞ்சமே இல்லை, விலையும் குறைவு. எனக்குக் கோபம் வருவதும் அந்த இடத்தில்தான். சாமான் சுலபமாகக் கிடைக்கிறது என்பதாலேயே, எந்தச் சத்தத்துக்கும் தேடிப் பார்க்காமல் "மாத்திடலாம்" என்கிறார்கள்.

இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன், கடைப் பெயர் வேண்டாம். போமன், அதாவது மெக்கானிக், வந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவில்லை, ஜாக்கி போடவில்லை. டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "லோவர் ஆர்ம் ரெண்டும் போச்சு, ஸ்டெபிலைசர் லிங்க் போச்சு, அப்ஸாபரும் சேத்துப் போட்டுடுங்க, 680 வெள்ளி" என்றார். லோவர் ஆர்ம் என்றால் சக்கரத்தைக் கீழே காடியோடு பிடிக்கும் கை, லிங்க் என்றால் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் சின்னக் கம்பி, அப்ஸாபர் என்றால் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்ஸார்பர். "அண்ணே, அப்ஸாபர் போன வருஷம்தான் போட்டது" என்றேன். "அது காப்பி சாமானா இருக்கும்" என்றார். பெட்டியோடு எடுத்து உங்களுக்குக் காட்டினேனே, அந்த அப்ஸாபர்! 680 வெள்ளி! காடிக்கு ரோட் டேக்ஸே 90 வெள்ளிதான்! சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன்னால், சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார்க்கவேண்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். நம்ம சத்தம் இருபது, முப்பதில் மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்னப் பள்ளத்தில் வரும். வேகமாகப் போனால் அமுங்கிவிடும். அந்தப் பள்ளத்திலேயே பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பேட், காலிப்பர் ஆடுவதாக இருந்தால் மிதித்தவுடன் சத்தம் நின்றுவிடும். நிற்கவில்லை. அப்போ பிரேக் இல்லை.

அடுத்து பள்ளிக்கூடத்து ஹம்ப், வேகத்தடை. இரண்டு முன் டயரும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால், இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது, லிங்க்குக்குப் பெரிய வேலை இருக்காது. சத்தம் லிங்க் என்றால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் விழும்போதுதான் பலமாகத் தட்டும். நம்ம காடி ஹம்ப்பிலும் டொக் என்றது. எனக்கு அங்கேயே லிங்க் மேல் இருந்த சந்தேகம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைத் தீர்க்க, இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரைக் கம்பியால் கட்டிவைத்து, எங்கள் வரிசை வீடுகளுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. இதைப் பெரிய ரோட்டில் செய்யாதீர்கள், வளைவில் காடி சாயும்.

லிங்க்கைக் கையால் ஆட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்க்காதீர்கள். அப்போது பார் முறுக்கி லிங்க்கை இறுக்கிப் பிடித்திருக்கும், ஆட்டம் இருந்தாலும் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போது பாருங்கள்.

அப்புறம் ஜாக்கி. ஸ்டேண்ட் போட்ட பிறகுதான் அடியில் கையே வைப்பேன், இத்தனை நாள் பார்க்கிறீர்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காடிக்கு அடியில் படுக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும், தயவுசெய்து வேண்டாம். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பால் ஜாயிண்ட், பேரிங் இரண்டும் கெட்டி. இடமும் வலமும் பிடித்து ஆட்டினேன், டை ராட் நல்லா இருக்கிறது. லோவர் ஆர்ம் புஷ்ஷில் கடப்பாரை கொடுத்து நெம்பினேன், ரப்பர் கிழியவில்லை. போமன் "போச்சு" என்ற லோவர் ஆர்ம் இது!

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லோவர் ஆர்ம் புஷ் போகிறது என்று புலம்புகிறவர்கள் இதைக் கேளுங்கள். அந்தப் புஷ்ஷின் போல்ட்டைக் காடி தூக்கியிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கினால், சக்கரம் தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். காடியை இறக்கி, பாரம் டயர் மேல் வந்த பிறகு இறுக்கவேண்டும்.

கீழே எல்லாம் சுத்தம். மிச்சம் மேலே. போனெட்டைத் திறந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பியை இடப்பக்க மட்கார்டைப் பிடித்து அமுக்கி அமுக்கி விடச் சொன்னேன். அப்ஸாபர் மவுண்டிங், அதாவது அப்ஸாபரின் தலை காடியோடு சேரும் இடம், அதன் நடுவில் இருக்கும் நட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டேன். அவன் அமுக்கும்போது ஒன்றுமில்லை. விட்டதும், காடி மேலே எழும்பும்போது, விரலுக்கு அடியில் டிக்! மறுபடி அமுக்கச் சொன்னேன், மறுபடி டிக். காதுக்குச் சரியாகக் கேட்கவில்லை, விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கம் வைத்துப் பார்த்தேன், கல் மாதிரி அசையாமல் இருந்தது.

ஆ, ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அந்த நட்டின் மேல் ஒரு ரப்பர் மூடி இருக்கும். வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் இல்லை. போன வருஷம் அப்ஸாபர் மாற்றிய இடத்தில் திரும்பப் போடாமல் விட்டுவிட்டார்கள். மழைத் தண்ணீர் இறங்கி நட்டைச் சுற்றி வட்டமாகத் துரு. போனெட்டைத் திறந்ததும் என்னை அந்த நட்டைப் பார்க்க வைத்ததே அந்த மூடி இல்லாததுதான்.

நட் ஏன் லூஸ்? நட் இறுக்கும் ஏர் கன்னை வைத்து டர்ர் என்று அடித்திருப்பார்கள். நட்டோடு சேர்ந்து அப்ஸாபரின் நடுத்தண்டும் சுற்றும், இறுகிவிட்டது போலத் தெரியும், இறுகியிருக்காது. தண்டு சுற்றாமல் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பானரால் கையால் இறுக்கவேண்டும். அப்படித்தான் செய்தேன். முழுசாக ஒரு சுற்றுக்கு மேல் போனது! ஒரு சுற்று லூஸாக இருந்த நட்டுக்கு 680 வெள்ளி கேட்டிருக்கிறார்கள்.

இங்கே கவனம். இறுக்குவது சரி, கழற்ற மட்டும் கழற்றாதீர்கள். அடியில் ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடிக்கும் கருவி இல்லாமல் நட்டை எடுத்தால் உயிருக்கே ஆபத்து. நட்டுக்கும் தண்டுக்கும் சேர்த்து வெள்ளை பெயிண்ட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகினால் நட் திரும்பத் தளர்கிறது என்று அர்த்தம்.

இப்போது மூடிக் கதை. ஈப்போ போகும் வழியில் ஒரு ஹாஃப்கட் கடை, பழைய காடிச் சாமான் விற்கும் இடம். தவுக்கே, கடை முதலாளி, மூடி மட்டும் தரமாட்டாராம், மவுண்டிங்கோடு 45 வெள்ளி என்றார். நான் விடவில்லை. பழைய கிளிப், ரப்பர் எல்லாம் கொட்டிய ஒரு டின் ஓரமாக இருந்தது. அதைக் கவிழ்த்து உட்கார்ந்து கிளறினேன். மேலெல்லாம் கிரீஸ். கிடைத்தது! ஒன்றல்ல, இரண்டு! ரப்பர் இன்னும் மெத்தென்று இருந்தது, ஓரம் வெடிக்கவில்லை. தவுக்கே பார்த்துவிட்டு ஒன்றுக்கு 15 என்றார். "தவுக்கே, டுவா, லீமா ரிங்கிட், போலே?" என்றேன். என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், "போலே லா" என்றார். இரண்டு மூடி, ஐந்து வெள்ளி! இதோ பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். உள்பக்கம் பள்ளம் இருக்கிறதே, அதுதான் மவுண்டிங் விளிம்பில் டப் என்று உட்காருகிறது. அம்மாவிடம் விலையைச் சொன்னேன், "ரெண்டு ரொட்டி சானாய் காசு" என்றார்.

அடியில் படுத்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலப்பக்க டிரைவ் ஷாஃப்ட் பூட்டில், சக்கரத்தைச் சுற்றும் தண்டின் மூட்டை மூடும் ரப்பர் உறையில், கீறல், கிரீஸ் ரிம்மின் உள்பக்கம் தெறித்திருக்கிறது. மண் உள்ளே போவதற்கு முன்னால் மாற்றினால் பூட்டோடு முடியும். பூட், கிரீஸ், கிளிப் எல்லாம் பெட்டியில் வாங்கி வைத்தாயிற்று. இந்தச் சனிக்கிழமை மழை இல்லையென்றால் அதை எடுக்கிறேன்.